ஒரே சம்பளம், திட்டத்துக்கொரு வரம்பு

வாசகர் கேள்வி – பதில்

கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரி எல்லையோர ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களின் சாரம் இதுதான்: “தினமும் வேலைக்குப் போகிறோம், வருமானமும் பெரிதாக இல்லை. ஆனாலும் எதற்குப் போனாலும் தகுதி இல்லை என்கிறார்கள்.” கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் தொகையில் இல்லை. யாருடைய வருமானம், எந்த மாதங்களின் கணக்கு, யார் பெயரில் இருக்கும் தாள் என்ற மூன்றில் ஒன்று பிசகியிருக்கிறது.

கேள்வி: குடிகாடு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். மாதம் 14,500 ரூபாய். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுக்கப் போனபோது வருமானம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருமானச் சான்றிதழில் தொகையைக் குறைத்து வாங்க வழி உண்டா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். உங்கள் சம்பளம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவுகளில் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கு மாறாக ஒரு சான்றிதழ் இருந்தால் என்றைக்கானாலும் அது உங்களையே காட்டிக்கொடுக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் 10,000. உங்களுடையது ஆண்டுக்கு 1,74,000 வருகிறது. மனைவியும் சம்பாதித்தால் அதுவும் சேரும். ஆகவே அவர்கள் சொன்னது சரி.

ஆனால் நீங்கள் நிற்க வேண்டிய வரிசை வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு (மாற்றுத்திறனாளிக்கு 25,000). உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 14,500-க்கு உங்களிடம் பிடிக்க வேண்டியது 109 ரூபாய், அவர்கள் கட்ட வேண்டியது 472. இதில் உங்களுக்கும் மனைவி மக்களுக்கும் மருத்துவம் உண்டு. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரின் வருமானம் மாதம் 9,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் அவர்களையும் சேர்க்கலாம். சேர்க்காமலே காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். பெற்றோரின் ஆதாரையும் புகைப்படத்தையும் கொடுத்து நிறுவனத்தின் வழியாகக் குடும்ப விவரத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஒப்பந்த வேலையில் இரண்டு இடத்தில் ஓட்டை விழும். ஒன்று, சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், பணம் போய்ச் சேர்ந்திருக்காது. மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஒப்பந்ததாரர் கட்ட வேண்டும். உமங் செயலியிலோ இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைப் போட்டு மாதவாரியாகப் பாருங்கள். மாதம் விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டின் நகலோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுவார்கள். நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்கான பணம் வாங்க, ஆறு மாதம் கொண்ட ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருக்க வேண்டும். நாட்கள் இரண்டு எண்ணில் பிரிந்து கிடந்தால் இங்கே 50, அங்கே 60 என்று நின்று, இரண்டிலுமே தகுதி வராது. தகுதி இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆகையால் புது ஒப்பந்ததாரரிடம் சேரும் முதல் நாளே பழைய எண்ணை எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே இரண்டு எண் இருந்தால் இணைக்கச் சொல்லிக் கிளை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

பெற்றோர் தனி வீட்டில், தனிச் சமையலில், தனிக் குடும்ப அட்டையோடு இருந்து அவர்கள் வருமானம் 1,20,000-க்குள் இருந்தால், அவர்கள் பெயரில் காப்பீட்டு அட்டை எடுக்கத் தடையில்லை. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு அட்டையை மட்டும் பிரிப்பது வேண்டாத வேலை. விசாரணைக்கு வருகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது அடுக்களையைத்தான்.

கேள்வி: ஜூன் மாதம் சம்பளம் 20,800-லிருந்து 21,600 ஆனது. 800 ரூபாய் ஏறியதற்கு இ.எஸ்.ஐ. போய்விடுமா? சம்பள உயர்வே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– வாசகர், செம்மண்டலம்

பதில்: சொல்லாதீர்கள். இ.எஸ்.ஐ. சந்தாக் காலம் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30, அக்டோபர் 1 முதல் மார்ச் 31. சந்தாக் காலத்தின் நடுவில் 21,000-ஐத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள். முழுச் சம்பளத்துக்கும் பிடிப்பார்கள், 21,600-க்கு 162 ரூபாய். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. ஆகவே ஜூனில் ஏறிய சம்பளத்தால் பாதுகாப்பு அன்றோடு அறுந்துபோவதில்லை, ஓராண்டு வரை கைகொடுக்கும். உயர்வு ஏப்ரல் 1-லேயே வந்திருந்தால் கதை வேறு, அன்றிலிருந்தே சந்தா நின்றுவிடும். விரைவில் அறுவை சிகிச்சை, பிரசவம் ஏதாவது எதிர்பார்த்திருக்கும் வீட்டார் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும்.

ஓவர்டைம் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். 21,000 வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் பணத்தைச் சேர்க்கக் கூடாது. ஆனால் சந்தா பிடிக்கும்போது அதையும் சேர்த்துப் பிடிப்பார்கள். “ஓ.டி. சேர்த்து 23,000 வந்துவிட்டது, நீ தகுதியில்லை” என்று சூப்பர்வைசர் சொன்னால் அது தவறு.

கேள்வி: நான் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறேன், கிலோ கணக்கில் கூலி. கணவர் கட்டட வேலையில் கையாள். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள். எங்களுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. இ-சேவை மையத்தில் ‘3,42,000’ என்று போட்டுவிட்டார்கள். சரியா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. உங்களிடம் நாள் கூலி எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் 350 என்றும் கணவருக்கு 600 என்றும் சொல்லியிருப்பீர்கள். அதை 30 நாளாலும் 12 மாதத்தாலும் பெருக்கிவிட்டார்கள். உங்களுக்கு 1,26,000, அவருக்கு 2,16,000, கூட்டினால் 3,42,000. கூலித் தொழிலாளி குடும்பங்கள் தகுதியை இழப்பது பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான்.

கூலிக்காரருக்கு ஆண்டில் 360 நாள் வேலை எங்கே இருக்கிறது? வடகிழக்குப் பருவமழையில் கட்டட வேலை நிற்கும். கொட்டை வரத்து இல்லாவிட்டால் உடைப்பும் நிற்கும். உண்மையில் வேலைக்குப் போன நாட்களை எண்ணுங்கள். நீங்கள் 220 நாள் போனால் 77,000. கணவர் 200 நாள் போனால் 1,20,000. மொத்தம் 1,97,000. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். முதல் கணக்கில் மகள் வெளியே, இரண்டாவதில் உள்ளே. இரண்டாவதுதான் உண்மையும்கூட. இது வருமானத்தை மறைப்பதல்ல, இல்லாத வருமானத்தை எழுதாமல் இருப்பது.

விண்ணப்பிக்கும் முறை: இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழின் சேவை எண் ரெவ்-103. கட்டணம் 60 ரூபாய். முதல் முறை என்றால் ஆதாரை வைத்துக் கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண்) உண்டாக்குவார்கள். அதற்கு ஓ.டி.பி. வரும் என்பதால் கைப்பேசியைக் கொண்டுபோங்கள். புகைப்படம், ஆதார், குடும்ப அட்டை, நீங்களே கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் ஆகியவை தேவை. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் யார் என்ன வேலை, நாள் கூலி எவ்வளவு, மாதவாரியாக எத்தனை நாள் என்று எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மூன்று மேசை ஏறும். முதல் மேசையில் விசாரிக்கும்போது அந்தத் தாள்தான் பேசும். வாயால் சொல்லும் கணக்கு நாளுக்கு நாள் மாறும்.

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டு வருமானக் கட்டத்தில் மாத வருமானத்தைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். ‘ஆண்டுக்கு 16,000’ என்று ஒரு குடும்பம் விண்ணப்பித்தால் அலுவலர் நம்புவாரா? திருப்பி அனுப்பிவிடுவார். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர் என்று எழுத்து மாறியிருந்தாலும் திரும்பும். திரும்பிவிட்டால் புதிதாக 60 ரூபாய் கட்டி ஓடாதீர்கள். என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று விண்ணப்ப எண்ணை வைத்து முதலில் பாருங்கள்.

சான்றிதழ் ஓராண்டு செல்லும். ஒரே ஆண்டில் ஒன்றுக்கு 72,000, இன்னொன்றுக்கு 1,97,000 என்று இரண்டு சான்றிதழ் வைத்திருப்பது பின்னால் வம்பு. மே மாதத்தில் சரியான தொகைக்கு ஒன்று எடுத்துவிட்டால் கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் அதுவே போதும்.

இன்னொன்று. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு வருமான வரம்பே கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், பையன்களுக்கான இதே போன்ற திட்டம். வருமானச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று இதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம் ‘நான்கு சக்கர வாகனம் உள்ளது’ என்று நிராகரிக்கப்பட்டது. கணவர் பழைய ஆம்னி வேனை மூன்று வருடத்துக்கு முன்பே கிருமாம்பாக்கத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டார். மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியமும் வருகிறது. அதனாலும் தள்ளிவிடுவார்களா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: மாமியார் விஷயம் முதலில். 2023 செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்குவதற்கு முன்பே இதற்குத் தளர்வு வந்துவிட்டது. முதியோர் ஓய்வூதியமோ அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய ஓய்வூதியமோ வாங்குகிறவர் வீட்டில் இருந்தாலும், அதை வாங்காத வேறொரு தகுதியுள்ள பெண் விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் என்பதுதான் விதி. மாமியார் பெயரில் போடாமல் உங்கள் பெயரில் போட்டதால் அந்தக் காரணம் செல்லாது.

வேன்தான் முள். விற்றது உங்களுக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியும். போக்குவரத்துத் துறைக்குத் தெரியாது. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) கணவர் பெயர் இருக்கும்வரை கணினிக்கு வண்டி உங்கள் வாசலில்தான் நிற்கிறது. போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு யார் பெயர் என்று பாருங்கள். விற்றவர் படிவம் 29-இல் 14 நாளுக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும், வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாள். பெயர் மாற்றப் படிவம் 30. வண்டி டி.என்.31-லிருந்து புதுச்சேரிக்குப் போவதால், கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும், அதற்குப் படிவம் 28. கிருமாம்பாக்கம் கூப்பிடு தூரம்தானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நடுவில் இருப்பது மாநில எல்லை.

வாங்கியவரைப் பிடித்துப் பெயர் மாற்றத்தை முடியுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் விற்பனைக் கடிதம், அவர் கொடுத்த ஆதார் நகல், பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றோடு போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வண்டி நாளை ஒருவரை இடித்தால், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2023 விதிப்படி, நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். நெல்லிக்குப்பத்துக்குக் கடலூர் கோட்டம். கெடு தாண்டியவர்கள், விடுபட்டவர்களிடம் மறுபடி விண்ணப்பம் வாங்கும்போது கொடுக்கலாம். 2025 ஜூலை 15-இல் சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் அப்படித்தான் வாங்கினார்கள். எப்போது கொடுத்தாலும் ஆர்.சி. பெயர் மாறிய பிறகு கொடுங்கள். இல்லாவிட்டால் அதே கணினி அதே பதிலைச் சொல்லும்.

இதே திட்டத்தில் மற்ற வரம்புகள்: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கர், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் சராசரியாக 600. பைக் லோனுக்காக யாரோ சொல்லி, சம்பாதிக்காத 4 லட்சத்தைக் காட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பிள்ளைகள் உண்டு. கடன் கிடைக்கும், அம்மாவின் தொகை போய்விடும்.

கேள்வி: கொத்தனார் வேலை. வயது 38. கட்டுமான நல வாரிய அட்டை இருந்தது, புதுப்பிக்கவில்லை. ‘மாதம் 3,000 பென்ஷன்’ என்று வேறொரு திட்டமும் சொல்கிறார்கள். எதில் சேருவது?
– வாசகர், புவனகிரி

பதில்: இரண்டிலும். வாரியப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். புதுப்பிக்காத அட்டையால் பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி எல்லாம் நின்றுபோகும். விபத்து நடந்த பிறகு புதுப்பிக்க ஓடுவதில் பயனில்லை. கடலூரில் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இணையத்திலும் செய்யலாம்.

3,000 ரூபாய் என்பது பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன். மாத வருமானம் 15,000-க்குள், வயது 18 முதல் 40, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர், வருமான வரி கட்டாதவர். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 29-இல் 100, 40-இல் 200. அதே அளவு மத்திய அரசு போடும். 60-க்குப் பிறகு மாதம் 3,000. உங்களுக்கு 40 ஆக இரண்டே வருடம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பணம் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் ஏறவில்லை.
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாமல், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போயிருக்கும். மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். எப்போதோ ஜீரோ பேலன்ஸில் திறந்து மறந்த கணக்காக இருக்கலாம். அது முடங்கியிருந்தால் அந்தக் கிளையில் கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்து உயிர்ப்பியுங்கள், அல்லது இப்போது பயன்படுத்தும் வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் எண் இருப்பதும், மானியம் வருவதற்கான இணைப்பும் வேறு வேறு. கவுன்டரில் இரண்டாவதைக் கேளுங்கள்.

கேள்வி: வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில். மனைவி பாகூர்க்காரர். எந்த அரசின் சலுகை எங்களுக்கு? மனைவி பெயரை இங்கே அட்டையில் சேர்க்கப் போனால் ஆதார் ஏற்கெனவே உள்ளது என்று வருகிறது.
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: குடும்ப அட்டையைப் பின்தொடர்வது மாநிலத் திட்டம், வேலையைப் பின்தொடர்வது பி.எஃப்., இ.எஸ்.ஐ. புதுச்சேரியில் சந்தா பிடித்தாலும், வீட்டருகே உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தைக் குடும்பத்துக்குத் தேர்ந்துகொள்ளலாம்.

மனைவி பெயர் பாகூரில் அவர் அம்மா வீட்டு அட்டையில் இன்னும் இருக்கிறது, அதனால்தான் அந்தச் செய்தி. புதுச்சேரி குடிமைப் பொருள் வழங்கல் துறையில் பெயர் நீக்கச் சான்று வாங்கி, திருமணப் பதிவுச் சான்றோடு இங்கே சேர்க்க விண்ணப்பியுங்கள். நீக்கிவிட்டால் அம்மா வீட்டுச் சிவப்பு அட்டைக்கு (புதுச்சேரியில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் குடும்ப அட்டை) ஏதாவது குறையுமோ என்று தயங்கிப் பல வருடம் இழுக்கிறவர்கள் உண்டு. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டால், தாய் ஓர் அட்டையில், பிள்ளை ஓர் அட்டையில் என்று சிக்கல் இரட்டிப்பாகும்.

விண்ணப்பம் ஒரு மாதத்துக்கு மேல் அசையாவிட்டால், திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள், அல்லது முதல்வரின் உதவி எண் 1100-இல் பதிவு செய்யுங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, “என் விண்ணப்பம் எண் இன்னது, எந்தத் தேதியிலிருந்து யாருடைய மேசையில் நிலுவை?” என்று ஒரே ஒரு கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாள் கெடு உண்டு.